தமிழரசுக் கழகமும் தமிழரசுக் கட்சியும் ஒன்றா?

காசிமேட்டான்:
நேற்று இராயபுரம் டீக்கடையில் ஒரு வாக்குவாதம். பேப்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பற்றி ஏதோ செய்தி. பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "இது நம்ம ம.பொ.சி. கட்சியோட கிளைதானே" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ம.பொ.சி. தமிழரசுக் கழகம் தொடங்கியது 1946. செல்வநாயகம் அங்கே தமிழரசுக் கட்சி தொடங்கியது 1949. மூன்று வருஷத்தில் அதே பெயர் தானாகவா கடல் தாண்டிப் போயிருக்கும்?

பெரம்பூர் பேரன்:
அண்ணே, "தமிழரசு" என்ன பட்டா போட்ட சொல்லா, ஒருத்தர் மட்டும் வைத்துக்கொள்ள? செல்வநாயகம் பிரிந்து வந்தது ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ் காங்கிரஸிலிருந்து. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டத்தில் மூண்ட சண்டை அது. ம.பொ.சி.யின் சண்டை திருத்தணியும் சென்னையும் ஆந்திராவுக்குப் போகக் கூடாது என்று. இன்னொன்று, ஆங்கிலத்தில் அவர்கள் கட்சிக்குப் பெயர் ஃபெடரல் பார்ட்டி. ஆங்கிலப் பேப்பர் படிப்பவருக்கு இந்தச் சந்தேகமே வராது.

காசிமேட்டான்:
ஃபெடரல் என்று நீயே சொல்லிவிட்டாய். கூட்டாட்சிக்குள் தமிழருக்குத் தன்னாட்சி, இதைத்தானே இரண்டு பேரும் கேட்டார்கள்? காங்கிரஸையும் பார். 1939-ல் நேரு கொழும்பு போனார், இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1946-ல் மலேயா இந்தியக் காங்கிரஸ். இதிலும் உறவு கிடையாது என்பாயா?

பெரம்பூர் பேரன்:
அதில் உறவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொழும்பில் அந்த உறவை உண்டாக்கியது நேருவின் பயணம். பெயர் அப்புறம் வந்தது. தமிழரசு விஷயத்தில் அப்படி யார் போனார், யார் வந்தார்? அதைக் காட்டுங்கள்.

சரி, கடல் தாண்டி உண்மையாகவே வந்த கட்சி ஒன்று நம்ம ஏரியாவிலேயே இருந்தது. என் தாத்தா பி அண்டு சி மில்லில் நெசவுப் பிரிவு. அவர் வாயில் எப்போதும் அந்தோணிப்பிள்ளை பேச்சுதான். யாழ்ப்பாணத்துக்காரர், லங்கா சமசமாஜக் கட்சி என்ற இலங்கை இடதுசாரிக் கட்சியில் இருந்தவர். அந்தக் கட்சி ஆட்களும் இங்குள்ளவர்களும் சேர்ந்து 1942-ல் இந்திய, இலங்கை, பர்மா போல்ஷ்விக் லெனினிஸ்ட் கட்சி என்று ஒன்று தொடங்கினார்கள். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஷிப்டு மாறிவிடும்.) அந்தோணிப்பிள்ளை 1946-ல் மில் தொழிலாளர் சங்கமான மெட்ராஸ் லேபர் யூனியனுக்குத் தலைவர். அடுத்த வருஷம் மில்லில் பெரிய வேலைநிறுத்தம். 1957-ல் வடசென்னைக்கு எம்.பி.யே அவர்தான். சமசமாஜம், போல்ஷ்விக் லெனினிஸ்ட்: பெயரில் ஒரு எழுத்து ஒத்துப்போகிறதா?

மிண்ட் தெரு மணி:
குறுக்கே வருகிறேன். பெயருக்கு மதிப்பே இல்லாத மாதிரி பேசாதீர்கள். 1994 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல், இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஒரு தொகுதி. ஒருத்தர் "லிட்டரல் டெமாக்ராட்" என்று போட்டுக்கொண்டு நின்றார். லிபரல் டெமாக்ராட் என்று நினைத்துக் குத்தினார்களோ என்னவோ, அவருக்கு 10,203 ஓட்டு. நிஜ லிபரல் டெமாக்ராட் தோற்றது 700 ஓட்டில். அப்புறம்தான் 1998-ல் கட்சிப் பெயர்களைப் பதிவு செய்யச் சட்டம் போட்டார்கள்.

பெரம்பூர் பேரன்:
அது ஒரே ஓட்டுச்சீட்டில் நடந்த கூத்து, தலைவரே. யாழ்ப்பாணத்துச் சீட்டில் ம.பொ.சி. கட்சி இருந்ததா என்ன?

மிண்ட் தெரு மணி:
இல்லைதான். ஆனால் நம் ஊரிலும் கதை அதேதான். 2024-ல் ராமநாதபுரத்தில் ஆறு ஓ. பன்னீர்செல்வம் நின்றார்கள்.

பெரம்பூர் பேரன்:
அப்படியும் நிஜ பன்னீர்செல்வம்தானே இரண்டாம் இடம் வந்தார்? ஜனங்கள் அவருடைய பலாப்பழச் சின்னத்தைப் பார்த்துக் குத்தினார்கள்.

காசிமேட்டான்:
தம்பி, இன்று காலை டீக்கடையில் அந்தோணிப்பிள்ளை பெயரை எடுத்தேன். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கப்பா காலத்து சங்கத் தலைவராச்சே!" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர் என்றேன். "யார் சொன்னது? அவர் அசல் பெரம்பூர்" என்று மறுபடியும் சண்டைக்கு வந்துவிட்டார். நாளைக்கு நீயே வந்து பேசிக்கொள், டீ என் கணக்கு.