குன்னூர் மேகத்துக்குள்ள ஹெலிகாப்டர் மாட்டினா பைலட் என்ன செய்வாங்க?

கேத்தி_வாசி

கல்லாறு பக்கமிருந்து ஏறி வர்ற ஹெலிகாப்டருங்க சில நாள் பர்லியாறு தாண்டினதும் திரும்பிப் போயிடுது. குன்னூர்ல நின்னு பார்த்தா மிஸ்ட் அப்படி ஒண்ணும் பெருசா இருக்காது. பஸ்ஸெல்லாம் லைட்டைப் போட்டுட்டு ஓடிக்கிட்டுதான் இருக்கும்.

சந்தேகம் இதுதான். ஜிபிஎஸ், மேப் எல்லாம் கையில இருக்கும்போது எதுக்குத் திரும்பணும்? மேகத்துக்குள்ள போயிட்டாலும் ஹெலிகாப்டர்தானே, அப்படியே அந்தரத்துல நிக்கலாம். இல்லைன்னா கீழ இறங்கி ரோட்டையோ ரயில் பாதையையோ பிடிச்சு வந்துடலாம். 2021 டிசம்பர் 8 குன்னூர் பக்கம் காட்டேரியில பிபின் ராவத் இறந்த ஹெலிகாப்டர் விபத்து அறிக்கையில பைலட்டுக்குத் திசைமயக்கம் ஏற்பட்டதாச் சொன்னாங்க. அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கு அது எப்படிங்க வரும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

சுழலி

நிற்கிறது, இறங்குறது ரெண்டையும் முதலில் பார்த்துவிடலாம். ஆளைக் கொல்வது அந்த ரெண்டும்தான்.

ஹோவர் என்பது வெளியே தெரியும் ஒரு மரத்தையோ பாறையையோ பார்த்துக்கொண்டு நொடிக்கு நொடி கையால் திருத்துவது. அந்த மரம் வெள்ளைக்குள் மறைந்துவிட்டால் வண்டி பின்னால் போகிறதா, பக்கவாட்டில் சரிகிறதா என்று தெரியாது. வேகமானியும் உதவாது. சுமார் 40 நாட்டுக்கு (knot, ஒரு நாட் மணிக்கு 1.85 கிமீ) கீழே அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. இன்னொன்று, 6,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 16 சதவீதம் குறைவு. அறுபது எழுபது நாட் வேகத்தில் போகும்போது தேவைப்படும் பவரைவிட ஹோவருக்கு ரொம்ப அதிகம் வேண்டும். குன்னூர் உயரத்தில் எஞ்சினிடம் மிச்சமிருப்பதே கொஞ்சம். அதையும் கண் தெரியாத நேரத்தில் முழுசாகக் கேட்பது மகா தப்பு.

இறங்குவது இன்னும் மோசம். கீழே போகப் போகப் பள்ளத்தாக்கு குறுகும், இரண்டு பக்கமும் சில்வர் ஓக், குறுக்கே ஹைடென்ஷன் கம்பி.

திசைமயக்கத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுழலும் நாற்காலியில் கண்ணை மூடி உட்காருங்கள். ஒருவர் ஒரே சீராக 20 நொடி சுற்றட்டும். கொஞ்ச நேரத்தில் சுற்றுகிற உணர்வே போய்விடும். நிறுத்தியதும் எதிர்ப்பக்கம் சுற்றுவதாகத் தோன்றும். உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் திரவம் குழாயோடு சேர்ந்தே ஓடத் தொடங்கிவிட்டால், மூளைக்கு அது நேராக நிற்பதாகத்தான் கணக்கு. நொடிக்கு ரெண்டு டிகிரிக்கும் மெதுவாகச் சாய்ந்தால் காதுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியாது. அப்போது பைலட் 'நேராக்குகிறேன்' என்று செய்வதுதான் சாய்வை அதிகமாக்கும். இதில் அனுபவம் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அனுபவசாலியின் காதும் அதே காதுதான். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை விமானத்தில் வைத்துச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரி 178 நொடியில்.

ஆகவே மேகம் மூடிய அந்தக் கணத்தில் செய்ய வேண்டிய வரிசை இது. கண் நேராக அடிவானக் கருவிக்குப் போக வேண்டும், அந்த நீலமும் பழுப்பும் உள்ள டயல்தான். சாய்வை எடுத்து மட்டமாக்கு. போய்க்கொண்டிருக்கும் திசையை மாற்றாதே. எதிரே மலை இருப்பது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் விலகு. கலெக்டிவை (சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், வண்டியை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) உயர்த்தி ஏறுவதற்கான பவரை வை. வேகத்தை ஏறும் வேகத்தில் நிறுத்து. ரேடியோ எல்லாவற்றுக்கும் கடைசி. ஃப்ரீக்வென்சி மாற்றவோ மேப் எடுக்கவோ தலையைக் குனியக் கூடாது, அதைப் பக்கத்து சீட்காரர் செய்யட்டும். திரும்பிக்கொண்டிருக்கும்போது குனிந்து நிமிர்ந்தால் காதுக்குள் வேறொரு அச்சில் சுழற்சி கிளம்பி, வண்டியே குப்புற விழுவதுபோல் இருக்கும்.

ஜிபிஎஸ் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும். எப்படிச் சாய்ந்திருக்கிறீர்கள் என்று சொல்லாது.

மலைக்காற்று

வானிலைப் பக்கம் நான் சொல்றேன். ஊட்டியில ரெண்டு வகை மூட்டம் உண்டு, ரெண்டையும் ஒரே பேர்ல மிஸ்ட்னு சொல்றதாலதான் குழப்பம். ஜனவரி காலையில உறைபனியோட பள்ளத்துல தேங்கி நிக்குறது ஒண்ணு. அது வெயில் ஏறினா கலைஞ்சுடும், காத்திருந்து கிளம்பலாம். இன்னொண்ணு சரிவேறி வர்ற மூட்டம். வடகிழக்குப் பருவக் காத்து ஈரத்தோட வந்து மேட்டுப்பாளையம் பக்கச் சரிவுல மோதி மேல ஏறும்போது குளிர்ந்து மேகமாகுது. இதை வெயில் கலைக்காது, காத்து அடிக்கிற வரைக்கும் புதுசா உற்பத்தியாகிக்கிட்டே இருக்கும். பத்து பத்தரைக்கு மேல சரிவு சூடாகி மேலேறுற காத்து கிளம்பிட்டா நிலைமை இன்னும் மோசம். மலைக்குப் போற ஃப்ளைட்டை விடியக்காலையில வைக்கச் சொல்றது அதனாலதான்.

கணக்குப் போட்டே காட்டலாம். கோயம்புத்தூர்ல வெப்பநிலை 30 டிகிரி, பனிநிலை (காத்துல இருக்குற ஈரம் நீராத் தொடங்குற வெப்பநிலை) 23 டிகிரின்னு வைங்க. வித்தியாசம் 7. அதை 125ஆல பெருக்கினா 875 மீட்டர், அது தரையிலிருந்து மேகத்தோட அடிப்பாகம் எவ்வளவு உயரம்னு சொல்லும். விமான நிலையம் ஏறக்குறைய 400 மீட்டர்ல இருக்கு. கூட்டினா 1,275 மீட்டர். பர்லியாறுக்கு மேல, 1,850 மீட்டர்ல இருக்குற குன்னூருக்குக் கீழ! கோவைக்காரருக்கு அழகான வெள்ளை மேகம், குன்னூர்க்காரருக்கு வாசல்ல மிஸ்ட், நடுவுல வர்ற பைலட்டுக்குச் சுவர்.

பஸ் ஓடுதேன்னு கேட்டீங்க. 200 மீட்டர் கண்ணுக்குத் தெரிஞ்சா 30 கிமீ வேகத்துல வர்ற பஸ்ஸுக்குத் தாராளம். 100 நாட்ல வர்ற ஹெலிகாப்டர் அந்த 200 மீட்டரை நாலு செகண்டுல தின்னுடும்.

அப்புறம் இன்னொரு பொறி இருக்கு. நேர் கீழ பார்த்தா தேயிலைத் தோட்டம் வரிவரியா பளிச்சுனு தெரியும், முன்னால பார்த்தா ஒண்ணும் இருக்காது. கீழ தெரியுதேங்கிற தைரியத்துலதான் இன்னும் ஒரு கிலோமீட்டர், இன்னும் ஒண்ணுன்னு போயிடுறாங்க. அதனாலதான் கிளம்பறதுக்கு முன்னாடியே கோடு போட்டு வெச்சுக்குறது: வழக்கமான வேகத்துல 30 நாட் குறைக்க வேண்டி வந்தாலோ, தரையிலிருந்து 500 அடிக்குக் கீழ அமுக்கப்பட்டாலோ, யோசிக்காம திரும்பிடணும். நீங்க பர்லியாறுல பார்க்குறது அநேகமா அந்தக் கோடுதான்.

நேர்கோடு

சுழலி சொன்ன வரிசை சமவெளிக்குச் சரி. 'திசையை மாற்றாதே, ஏறு' என்பதை இந்தப் பள்ளத்தாக்கில் அப்படியே வைக்க முடியாது.

தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி. மலைப்பகுதியில் 2,000 அடி இடைவெளி வேண்டும் என்றால் பாதுகாப்பான உயரம் சுமார் 10,700. குன்னூர் மேலே 6,500 அடியில் மேகத்துக்குள் போனவர் நிமிடத்துக்கு 1,000 அடி ஏறினாலும் நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். 70 நாட்டில் அது 9 கிலோமீட்டர். குன்னூரை ஒட்டிய ராணுவ ஊரான வெலிங்டனை நோக்கி வந்த அதே வடமேற்குத் திசையில் போனால் அதற்குள் தொட்டபெட்டா வந்துவிடும். பாரம் ஏற்றிய வண்டி 500 அடிதான் ஏறும் என்றால் சொல்லவே வேண்டாம்.

திரும்பலாம் என்றால் வளைவுக்கு இடம் வேண்டும். 30 டிகிரி சாய்வில் 120 நாட்டுக்கு வட்டத்தின் விட்டம் 1,350 மீட்டர். 60 நாட்டுக்கு 340 மீட்டர்தான். வேகம் பாதியானால் வட்டம் கால்வாசி. ஆகவே வெளியே தெரியும்போதே வேகத்தைக் குறைத்து, பள்ளத்தாக்கின் நடுவே போகாமல் ஒரு சரிவை ஒட்டியே போக வேண்டும். அப்போதுதான் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். நடுவில் போகிறவருக்குப் பாதிதான்.

சுழலி

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு திருத்தம். வண்டியை மட்டமாக்குவதற்கு முன்னால் யாரும் திரும்பக் கூடாது. மேகத்தில் நுழைந்த பதற்றத்தில் உடனே வெட்டித் திரும்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு. முதலில் மட்டம், பவர், ஏறும் வேகம். அதற்குப் பிறகு, முன்பே எழுதி வைத்த தப்பிக்கும் திசைக்கு, நொடிக்கு 3 டிகிரி வீதம் ஒரு நிமிடத்தில் 180 டிகிரி. குன்னூருக்கு அந்தத் திசை தென்கிழக்கு, சமவெளிப் பக்கம். அதைக் கிளம்பும் முன் முழங்கால் பலகையில் எண்ணாக எழுதியிருக்க வேண்டும், மேகத்துக்குள் உட்கார்ந்து யோசிக்கிற விஷயம் இல்லை அது.

விபத்து பற்றி: முப்படை விசாரணை 2022 ஜனவரியில் சொன்னது, பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் நுழைந்ததால் திசைமயக்கம், அதனால் கட்டுப்பாட்டில் இருந்த வண்டியே நிலத்தில் மோதியது என்று. இயந்திரக் கோளாறு, சதி இரண்டையும் மறுத்தார்கள். 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் அதே விபத்துக்குக் காரணம் 'மனிதத் தவறு' என்று ஒரே வார்த்தையில் வந்தது. முதலில் சொன்னதில்தான் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

கேத்தி_வாசி

ரொம்ப நன்றிங்க, இப்பதான் புரியுது. கடைசியா ஒண்ணு. மலை மேலயே எஞ்சின் நின்னுட்டா? அந்த ஹைடென்ஷன் கம்பியையும் கொஞ்சம் சொல்லுங்க.

நேர்கோடு

ஒற்றை எஞ்சின் என்றால் கலெக்டிவை ஓரிரு நொடிக்குள் முழுக்கக் கீழே இறக்க வேண்டும். தாமதித்தால் ரோட்டர் (தலைக்கு மேல் சுழலும் இறக்கைகள்) சுழற்சி விழும், விழுந்தால் திரும்ப வராது. அதற்குப் பிறகு கீழிருந்து மேலே வரும் காற்றே ரோட்டரைச் சுற்றும். 1,000 அடி உயரம் இருந்தால் நாலாயிரம் அடி தூரம் போகலாம், முக்கால் நிமிடம்கூடக் கிடைக்காது. தேயிலைச் சரிவைவிட கால்பந்து மைதானமோ காய்கறிப் பாத்தியோ மேல். சரிவில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் மேட்டைப் பார்த்து இறங்கு, பள்ளத்தைப் பார்த்து இறங்காதே. இரட்டை எஞ்சினில் ஒன்று போனால் வெலிங்டனில் ஹோவர் செய்து இறங்க மிச்சப் பவர் போதாமல் போகலாம். பள்ளத்தாக்கு வழியே சமவெளிக்கு வந்து சூலூர் விமானப்படைத் தளத்திலோ கோவையிலோ ரன்வேயில் சறுக்கி இறங்குவதுதான் முறை.

கம்பி கண்ணுக்குத் தெரியாது, அதைத் தேடவும் கூடாது. டவரைத் தேட வேண்டும். இரண்டு டவருக்கு நடுவே தாண்டாமல் டவருக்கு நேர் மேலே தாண்டு. அந்த லைனில் கம்பி அதைவிட உயரமாகப் போகாது.