பெரிய வீடு குரூப்ல திவ்யா போட்ட படம்

திவ்யா: 18 நாள் உக்காந்து முடிச்சேன்!! ஆயில் பெயின்ட். இன்ஸ்டால 800 லைக் தாண்டிடுச்சு

கமலா அத்தை: அடியாத்தீ தங்கம், அந்த பொண்ணு முகத்துல ஜன்னல் வெளிச்சம் விழுறது நெஜம் மாதிரியே இருக்குடி

கார்த்தி: இது ஓவியர் இளையராஜா படமாச்சே? கீழ உன் கையெழுத்து மட்டும் இருக்கு

திவ்யா: பின்டரெஸ்ட்ல பாத்து வரைஞ்சேன் அண்ணா, அதுல யார் பேரும் இல்ல

கார்த்தி: எவனோ ஓரத்தை கட் பண்ணி போட்டிருப்பான். கூகுள் லென்ஸ்ல போட்டா யார் படம்னு ரெண்டு செகண்ட்ல தெரிஞ்சிடும்

அம்மா: பாத்து வரையறது தப்பா கார்த்தி? புள்ள கண்ணு வலிக்க உக்காந்து போட்டுச்சு

சேகர் சித்தப்பா: தப்பே இல்ல அண்ணி, நாங்க எல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம், பெரிய ஓவியர் வான்கோவே 1887ல ஜப்பான்காரர் ஹிரோஷிகேவோட மழை பாலம் படத்தை பாத்து வரைஞ்சவர்தான், அப்புறம் பிரெஞ்சு ஓவியர் மில்லே படங்களையும் இருபது கிட்ட வரைஞ்சாரு, அது மில்லேவோடதுன்னு தம்பிக்கு லெட்டர்லயே எழுதினாரு, மறைக்கல, ஆனா இங்க கமென்ட்ல ஒருத்தர் உங்க கற்பனை அபாரம்னு போட்டிருக்காரு அதுக்கு இவ நன்றின்னு போட்டிருக்கா, அதான் எனக்கு உறுத்துது

திவ்யா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கமலா அத்தை: என்னத்தடி அழிச்ச

சேகர் சித்தப்பா: திவ்யா கோச்சுக்காதம்மா. கச்சேரில பாடுறவங்க கடைசி சரணத்துல தியாகராஜர் தன் பேரை வச்ச முத்திரைய தூக்கிட்டு சொந்த பேரையா வச்சு பாடுறாங்க? அதுக்காக பாடினவங்களுக்கு கைதட்டல் குறையுதா என்ன

அம்மா: சரி தம்பி, என் ஆபீஸ்ல ஒருத்தங்க 4000க்கு கேக்குறாங்களே அது குடுக்கலாமா

சேகர் சித்தப்பா: அது வேற கதை அண்ணி. நம்ம 1957 சட்டப்படி வரைஞ்சவர் போன பிறகு 60 வருஷம் காப்புரிமை இருக்கு. ஓவியர் இளையராஜா கொரோனால போனது 2021ல. அப்ப 2081 முடியுற வரைக்கும் உரிமை உள்ளவங்கள கேக்காம விக்கக் கூடாது. ரவி வர்மா 1906லயே போயிட்டாரு, அவர் படம்னா தாராளமா வித்துக்கலாம், அப்பவும் பேரை போட்டுட்டுத்தான்

பெரியம்மா: நான் ஒண்ணு கேக்கறேன் சேகரு, போன மார்கழில நான் யோசிச்சு யோசிச்சு போட்ட 21 புள்ளி இடைப்புள்ளி 11 கோலத்தை எதிர் வீட்டுக்காரி போட்டோ புடிச்சிட்டு போயி கோயில் போட்டில அப்படியே போட்டு குக்கர் பிரைஸ் வாங்கினா, அப்ப ஏன் ஒருத்தரும் வாயத் தொறக்கல

கார்த்தி: பெரியம்மா அந்த குக்கர் மேட்டர் இன்னும் முடியலையா 😂

பெரியம்மா: எப்படிடா முடியும், தெனமும் எனக்கு கேக்குற மாதிரி விசில் விடுறா

திவ்யா: சித்தப்பா மாத்திட்டேன். "ஓவியர் இளையராஜா அவர்களின் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது, பயிற்சிக்காக"ன்னு முதல் வரில போட்டுட்டேன், அந்த கமென்ட்டுக்கும் கற்பனை என்னோடது இல்லன்னு பதில் போட்டாச்சு. படத்துக்கு பின்னாடியும் எழுதிடறேன். அம்மா, ஆபீஸ் ஆன்ட்டிக்கு அவங்க வீட்டு திண்ணையவே வரைஞ்சு தரேன்னு சொல்லு

சேகர் சித்தப்பா: அப்படி போடு. அந்த திண்ணை படத்துக்கு கையெழுத்து பெருசாவே போடு

பெரியம்மா: இதெல்லாம் எதிர் வீட்டுக்காரிக்கு எப்படி பார்வர்ட் பண்றது, யாராவது சொல்லுங்க