எட்டாம் மாத நீர்க்கடுப்பு: வெறும் சூடு என்று விட்டுவிட்டேன்

வளைகாப்பு முடிந்த கையோடு சேலத்திலிருந்து அம்மா வீட்டுக்கு, திருநெல்வேலிப் பக்கம், பஸ்ஸில் கிளம்பினோம். மே மாதம். எனக்கு 31ஆவது வாரம். வழியில் இருக்கும் கழிவறைகளுக்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன், வந்ததையும் அடக்கிக்கொண்டேன்.

இரண்டு நாளில் நீர்க்கடுப்பு. சொட்டுச் சொட்டாகப் போகும், போகும்போது எரியும், அடிவயிறு இழுக்கும். “வெயில் சூடு, வேறென்ன” என்றார் அம்மா. பார்லித் தண்ணீர், மோர், இளநீர், தொப்புளில் விளக்கெண்ணெய் எல்லாம் நடந்தது. அம்மாவைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் பட்டது. மாதம் ஏற ஏற அடிக்கடி சிறுநீர் வரத்தானே செய்யும் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் ராத்திரி குளிர் வந்தது. அந்த வெக்கையில் இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அப்புறம் காய்ச்சல், வாந்தி. வலது பக்கம் விலாவுக்குக் கீழே முதுகில் கை பட்டாலே உயிர் போகிற வலி. கூடவே வயிறு கல் மாதிரி இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. குழந்தை இப்போதே வந்துவிடுமோ என்று அழுதுவிட்டேன்.

அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கர்ப்பத்தில் ஹார்மோன்களால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து போகும், வளர்ந்த கர்ப்பப்பையும் அவற்றை அழுத்தும். அது பெரும்பாலும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கம்தான் சிறுநீர் அதிகம் தேங்குகிறதாம். தேங்கிய இடத்தில் கிருமி பெருகி மேலே ஏறுகிறது. அப்படி ஏறினால் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடவும் கூடும். ட்ரிப்ஸ், நரம்பு வழியாக ஆண்டிபயாடிக் ஊசி என்று ஐந்து நாள். வயிறு இறுகுவது இரண்டாம் நாளே அடங்கியது. 38 வாரத்தில் மகள் பிறந்தாள், 2.8 கிலோ.

பார்லித் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். ஆனால் எரிச்சல் தொடங்கிய அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனைக்கும் கொடுத்துவிடுங்கள். அம்மா வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் பத்து நிமிட நடைதான். போகாமல் இருந்த அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

*

அக்கா, படிக்கப் படிக்க மனசு பதறியது. எனக்கு எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வழக்கமாக எடுத்த யூரின் கல்ச்சரில், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில், ஈ.கோலை என்ற கிருமி இருப்பதாக வந்தது. “ஒரு தொந்தரவும் இல்லாதபோது மருந்து எதற்கு?” என்று மாமியார் கேட்டார். மற்றவர்களுக்கு விட்டுவிடலாம், கர்ப்பிணிக்கு விடக்கூடாது, பின்னால் சிறுநீரகத்துக்கு ஏறலாம் என்று டாக்டரே அவரிடம் பேசினார். மாத்திரை முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி கல்ச்சர் எடுத்தார்கள். அதில் கிருமி இல்லை என்று வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

*

நான் பிரசவ வார்டில் செவிலியர். கல்ச்சருக்குக் கொடுக்கும்போது நன்றாகக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடியுங்கள். ஆண்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பே கொடுத்துவிட்டால் முடிவு சரியாக வரும்.

இன்னொன்று. போன பிரசவத்தின்போது மிஞ்சிய மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணைப் பார்த்தேன். நைட்ரோஃபுரான்டாயின், சிறுநீர்த் தொற்றுக்கான ஆண்டிபயாடிக். நடு மாதங்களில் டாக்டர்கள் எழுதித் தரும் மருந்துதான். பிரசவம் நெருங்கிய நாட்களில் குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைய வாய்ப்பிருப்பதால் தவிர்ப்பார்கள். அவருக்கு அப்போது 38 வாரம். நல்லவேளை, இரண்டு மாத்திரை போட்டதுமே அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் கேட்க வந்துவிட்டார்.