மறுமொழி: ‘ஸேக்’ - தொய்வா, இறக்கமா, அமிழ்வா?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. பாதியில் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மலைப்பாதை சைக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்துவது பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. டயர், பிரேக் அத்தியாயங்கள் முடிந்தன. சஸ்பென்ஷன் அத்தியாயம் ‘ஸேக்’ (sag) என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஓட்டுபவர் ஏறியதும், வண்டி ஓடாமல் நிற்கும்போதே, அவர் எடைக்கு ஸ்பிரிங் கொஞ்சம் உள்வாங்கி ஓரிடத்தில் நிலைக்கிறதல்லவா, அந்த அளவுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> அகராதியில் ‘தொய்வு’ என்று தெளிவாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்வதில் என்ன சிக்கல்?

மின்கம்பிக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் அது பொருத்தமான சொல். இங்கே இரண்டு விதத்தில் இடிக்கிறது. தொய்வு என்றாலே நம் காதில் அது ஒரு குறை. ‘பணியில் தொய்வு’ என்று செய்தித்தாள் எழுதுவதைப் பார்க்கிறோம். தொய்ந்ததை யாரும் இழுத்துக் கட்டத்தான் பார்ப்பார்கள். கையேட்டைப் படிப்பவரும் காற்று ஸ்பிரிங்கில் காற்றை ஏற்றி ஏற்றி அதைப் பூஜ்யமாக்கிவிடுவார். அப்படிச் செய்த வண்டியில் சக்கரம் மேடு வந்தால் மேலே போகும், பள்ளம் வந்தால் கீழே போக இடம் இருக்காது. பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தாண்டும் சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை. சக்கரம் தரையை விடாமல் தொடர வேண்டும் என்றுதான் இந்த அளவை வேண்டுமென்றே வைக்கிறார்கள்.

இன்னொன்று, அதே வண்டியில் செயின் இருக்கிறது. பின் சஸ்பென்ஷன் உள்வாங்கும்போது பெரும்பாலான அமைப்புகளில் பின் அச்சு பெடல் அச்சிலிருந்து சற்று விலகும். அதனால் ஷாக்கின் (பின் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் உள்ள குழலின்) காற்றை இறக்கி, சக்கரம் மிகத் தொலைவில் இருக்கும் நிலையில் வைத்துத்தான் செயினின் நீளத்தை வெட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் ‘செயினில் சிறிது தொய்வு இருக்கட்டும்’ என்று எழுதியாக வேண்டும். தொய்வை அங்கேயே விட்டுவிடுவோம்.

> ‘இறக்கம்’ எளிமையான சொல். எல்லோருக்கும் புரியும்.

புரியும், வேறு பொருளில். மலையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஏற்றமும் இறக்கமும் பாதையின் பெயர்கள். ‘இறக்கத்தில் இறக்கம் கூடினால்’ என்று ஒரு வாக்கியம் வந்தே தீரும். அதோடு இந்தச் சொல்லின் கதை முடிந்தது.

> அமுங்குவதால் ‘அமுக்கம்’ என்று சொல்லலாம்.

இதற்கு யாழ்ப்பாணத்து நண்பர் நேற்றே மறுப்பு எழுதிவிட்டார், முழுதும் சரியான மறுப்பு. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘அழுத்தம்’ என்பது ஈழத்துப் பாடநூலில் ‘அமுக்கம்’. அங்கே இரத்த அழுத்தம் குருதியமுக்கம். இந்த அளவைச் சரிசெய்வதே காற்றழுத்தத்தை மாற்றித்தான் என்பதால் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். ‘அமுக்கத்தைக் கூட்டினால் அமுக்கம் குறையும்’ என்று ஒரு கையேடு சொன்னால் படிப்பவர் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார். கலைச்சொல் இரு கரையிலும் ஓட வேண்டும் என்று பேசுகிற நாம் இப்படிப்பட்ட இடத்தில்தான் அதைச் செய்துகாட்ட முடியும்.

> பட்டறைப் பேச்சில் வண்டி ‘உக்காருது’ என்பார்கள். ‘அமர்வு’?

பட்டறையிலிருந்து சொல் எடுக்கும் எண்ணம் எனக்கும் உண்டு. ஆனால் பைக் மெக்கானிக் ‘ஷாக்கப்சர் உக்காந்துடுச்சு’ என்றால் அது செத்துப்போயிற்று, மாற்ற வேண்டும் என்று பொருள். சரியாக வேலை செய்யும் ஷாக்குக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் கடையில் குழப்பம்தான். போதாதற்கு, கருத்தரங்குகள் ‘அமர்வு’ என்ற சொல்லை ஏற்கெனவே பட்டா போட்டுக்கொண்டுவிட்டன.

எஞ்சுவது ‘அமிழ்வு’. என் வாக்கு இதற்கே. ஆள் ஏறினால் தோணி கொஞ்சம் அமிழ்ந்து ஒரு மட்டத்தில் நிற்கும். அதை யாரும் பழுது என்று சொல்வதில்லை. பாரம் கூடினால் கூடுதலாக அமிழும், அலை இறங்கும்போது தானும் கூடவே இறங்கும். ஸ்பிரிங் செய்வதும் இதே சமநிலைதான். ‘மூழ்கிப்போவது போலத் தொனிக்கிறதே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். மூழ்குவதற்கு மூழ்குதல் என்றே தனிச்சொல் இருக்கிறது. அமிழ்வதில் அளவு உண்டு. கால்பங்கு அமிழலாம், அரைப்பங்கு அமிழலாம். நமக்கு வேண்டியதும் சதவீதத்தில் சொல்லக்கூடிய ஓர் அளவு.

அளவு என்றதும் எங்கே அளப்பது என்பதையும் வரையறைக்குள் கொண்டுவர வேண்டும். நம் பட்டியலில் இதுவரை யாரும் இதைத் தொடவில்லை. பின்சக்கரம் 150 மி.மீ. மேலேறும் ஒரு வண்டியில், ஷாக்கின் தண்டு உள்ளே போவது 55 மி.மீ. மட்டும் என்று வைத்துக்கொள்வோம். இது சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. இடையில் உள்ள நெம்புகோல் அமைப்புதான் 55ஐ 150 ஆக்குகிறது. 150ஐ 55ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.7, இதற்கு ‘நெம்பு விகிதம்’ என்ற பரிந்துரையை எல்லோரும் ஏற்றுக்கொண்டாயிற்று. ஆனால் 2.7 என்பது சராசரி. பல சட்டகங்களில் தொடக்கத்தில் விகிதம் கூடுதலாகவும் போகப்போகக் குறைந்தும் வரும்படி வடிவமைக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் தண்டு 30 சதவீதம் அமிழ்ந்தால் சக்கரம் 30 சதவீதத்துக்குச் சற்று மேலேயே அமிழ்ந்திருக்கும். தயாரிப்பாளர்கள் பின்பக்கத்துக்குத் தருவது பெரும்பாலும் தண்டின் கணக்கு. ஆகவே கையேட்டில் ‘தண்டமிழ்வு’, ‘சக்கர அமிழ்வு’ என்று பிரித்தே எழுதலாம். தண்டு + அமிழ்வு, உகரம் கெட்டுத் தண்டமிழ்வு. உள்ளே தண்டமிழ் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. புணர்ச்சி விதிக்கு நன்றி. இந்தச் சொல்லை மறுக்க இந்தக் குழுவில் யாருக்கும் மனம் வராது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

‘டிராவல்’, அதாவது சக்கரமோ தண்டோ முழுதும் நகரும் தூரம், என்பதைப் ‘பயணம்’ ஆக்கியவர் மன்னிக்கவும். 150 மில்லிமீட்டர் பயணம் என்றால் எறும்புகூடச் சிரிக்கும். ‘சக்கர நகர்வு’, ‘தண்டு நகர்வு’ போதும். ‘வீச்சு’ வேண்டாம், அது இயற்பியலில் அலைவின் வீச்சாக வேரூன்றிவிட்டது.

அப்புறம், ‘டேம்ப்பிங்’. இயற்பியல் ஆசிரியர் ஐயா சுட்டியபடி, பள்ளிப் பாடத்தில் ‘தடையுறு அலைவு’ ஏற்கெனவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு அதிர்வுத்தாங்கி, அதிர்வேற்பி என்றெல்லாம் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அதிர்வைத் தாங்குவது ஸ்பிரிங்கா எண்ணெயா என்பதையே அந்தச் சொற்கள் மறைத்துவிடுகின்றன. மேட்டின் அடியை வாங்கிச் சேமித்து வைப்பது ஸ்பிரிங், அது காற்றாக இருந்தாலும் கம்பிச்சுருளாக இருந்தாலும். சேமித்ததை அது அப்படியே திருப்பித் தந்துவிடும். எண்ணெயைச் சிறு துளைகள் வழியே போகவிட்டு அந்த ஆற்றலை வெப்பமாக்குவதுதான் தடை. இரண்டும் ஒரே குழலுக்குள் இருப்பதால் ஒன்றாகிவிடாது.

எனவே உள்ளே போகும்போது ‘அமுங்குதடை’, திரும்பி வரும்போது ‘மீள்தடை’. இரண்டும் வினைத்தொகை, இரண்டும் வாயில் எளிதாக வருகின்றன. இங்கே தமிழில் எழுதுவதால் ஓர் ஆதாயமும் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லை வைத்துப் பேசும் ஓட்டுபவர் ‘ரீபவுண்டைக் கூட்டு’ என்றால், வேகமாகத் திரும்ப வேண்டும் என்கிறாரா, தடையைக் கூட்டி மெதுவாகத் திரும்பச் செய்யச் சொல்கிறாரா என்று எதிரே இருப்பவர் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ‘மீள்தடையைக் கூட்டு’ என்றால் ஒரே பொருள்தான்: மெதுவாகத் திரும்பும்.

‘பாட்டம் அவுட்’டுக்கு, அதாவது ஷாக் முழுதும் அமுங்கி முட்டிக்கொள்வதற்கு, ‘அடிதட்டல்’. கார் வேகத்தடையில் அடி தட்டுவதோடு குழம்பாதா என்ற கேள்வி நியாயம். ‘ஷாக் அடி தட்டுகிறது’ என்று எதன் அடி என்பதைச் சேர்த்துச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

இனி, சொற்களை வாக்கியத்தில் வைத்து ஓட்டிப் பார்ப்போம். சொற்பட்டியலில் அழகாக இருந்து பத்தியில் பல்லை உடைக்கும் சொற்கள் நமக்குப் புதிதல்ல. கையேட்டின் வரைவிலிருந்து:

“ஹெல்மெட், தண்ணீர்ப் பை உட்பட ஓட்டும்போது இருக்கும் எல்லாவற்றோடும் வண்டியில் ஏறுங்கள். ஷாக்கை இறுக்கிப் பூட்டும் நெம்பு முழுத் திறப்பில் இருக்கட்டும். சுவரில் கை ஊன்றி, இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு அசையாமல் இருங்கள். தண்டின் மேல் இருக்கும் ரப்பர் வளையத்தை உறையின் விளிம்புவரை தள்ளிவிட்டு, மேலும் அமுங்காதபடி மெல்ல இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரமே தண்டமிழ்வு. தண்டு நகர்வு 55 மி.மீ. என்றால் 30 சதவீதத் தண்டமிழ்வு 16.5 மி.மீ. அதற்கு மேல் இருந்தால் காற்றை ஏற்றுங்கள்; குறைந்தால் இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஷாக்கைப் பல தடவை மெதுவாக அமுக்கி விடுங்கள். உள்ளே உள்ள இரண்டு காற்றறைகளும் சமநிலைக்கு வர இது தேவை. அமிழ்வு சரியான பிறகே மீள்தடையைத் தொடுங்கள். காற்றழுத்தம் கூடினால் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும் விசையும் கூடும், அதற்கேற்ற மீள்தடையும் கூடுதலாக வேண்டும். அமிழ்வு சரியாக இருந்தும் பெரிய குதிப்புகளில் ஷாக் அடி தட்டினால், காற்றைக் கூட்டாமல் காற்றறையில் ஒரு டோக்கனை (இடத்தை அடைக்கும் சிறு துண்டை) சேருங்கள். அறையின் கொள்ளளவு குறைவதால் நகர்வின் கடைசிப் பகுதி மட்டும் நன்றாக இறுகும். தொடக்கம் அவ்வளவாக மாறாது.”

படிக்கத் தடுக்கவில்லை என்பது என் கணிப்பு. தடுக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

இந்தப் பத்தியில் டோக்கன், ஷாக், ஹெல்மெட் அப்படியே இருப்பதைச் சிலர் கேட்பார்கள். ரேஷன் கடை டோக்கனா என்று கிண்டலும் வரும். கடையில் கேட்டு வாங்கும் பொருளுக்குக் கடைப் பெயரே இருக்கட்டும். ஸ்டெம், ஹேண்டில்பார், டிஸ்க், டிராப்பர் (ஓட்டும்போதே இருக்கையை ஏற்றி இறக்கும் தண்டு) எல்லாம் அப்படியே. டிராப்பருக்கு ‘விழுதண்டு’ என்று வந்த பரிந்துரையைக் கண்டு, விழுவது யார் என்று கேட்கத் தோன்றியது. ஆனால் கையால் திருகி, கண்ணால் அளந்து, புரிந்துகொண்டு செய்ய வேண்டியவற்றுக்குத் தமிழ்ச் சொல் இல்லையென்றால் படிப்பவர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வண்டியைக் கெடுப்பார். நம் உழைப்பு அங்கே போகட்டும்.

இந்த விளையாட்டின் சொற்களே கைவேலையிலிருந்து வந்தவை. கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, 1976இல் பழைய கனத்த சைக்கிள்களை வைத்துக்கொண்டு ஒரு மண்பாதையில் கீழ்நோக்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக் சூடேறி உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஓடி முடித்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த வேலையின் பெயரே பந்தயத்தின் பெயரானது: ‘ரீபேக்’. அந்த வண்டிகளில் சஸ்பென்ஷன் கிடையாது, அதனால் நம் சிக்கலும் இல்லை. ராக்‌ஷாக்ஸின் ஆர்எஸ்-1 என்ற முன்பக்க சஸ்பென்ஷன் ஃபோர்க் 1989இல் வந்து, அடுத்த ஆண்டு கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டியில் வென்றவர்கள் சிலரின் வண்டியில் ஏறிய பிறகுதான் இவையெல்லாம் மலைச் சைக்கிள்காரர்களின் அன்றாடப் பேச்சாயின.

‘வெறும் அமைப்பு மாற்றத்துக்கு இத்தனை சொல் எதற்கு, பாகங்களை மாற்றுவதுதானே மேம்படுத்தல்’ என்று எழுதியவருக்கு ஓர் எடுத்துக்காட்டு. 140 மி.மீ. ஃபோர்க்கின் உள்ளே இருக்கும் காற்றுத்தண்டை மட்டும் மாற்றி 150 ஆக்குவது பலர் செய்யும் மலிவான மாற்றம். முன்பக்கம் உயர்வதால் தலைக்குழலின் (ஃபோர்க் திரும்பும் முன்குழலின்) கோணம் ஏறத்தாழ அரை டிகிரி சாயும். பெடல் அச்சும் சில மில்லிமீட்டர் உயரும். இறக்கத்தில் வண்டி நிதானப்படும், செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் கொஞ்சம் அலையும். அதே நேரம் பின்பக்க அமிழ்வு 30க்குப் பதில் 35 சதவீதத்தில் கிடந்தால், வண்டி பின்னால் இன்னும் சாய்ந்து, காசு கொடுத்து வாங்கிய அரை டிகிரியின் மேல் இலவசமாக இன்னொரு சாய்வு ஏறிக்கொள்ளும். புது ஃபோர்க் பிடிக்கவில்லை என்று அதை விற்றுவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு ஷாக் பம்பு.

மீதமிருப்பது ‘ப்ரீலோட்’. காற்று ஷாக்கை எடுத்துவிட்டுக் கம்பிச்சுருள் ஷாக் போடுபவர்களுக்கு இது வேண்டும். ‘முன்சுமை’ என்று பட்டியலில் இருக்கிறது. அங்கே யாரும் சுமை ஏற்றவில்லை, வளையத்தைத் திருகிச் சுருளை முன்கூட்டியே கொஞ்சம் இறுக்குகிறார்கள், அவ்வளவுதான். சுருளின் விசை மாறிலி அதனால் மாறாது. அமிழ்வைச் சரிசெய்ய இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் இறுக்க வேண்டியிருந்தால் சுருளே தவறு, இன்னும் விறைப்பான அடுத்த சுருளை வாங்க வேண்டும். ‘முன்னிறுக்கம்’ என்று மாற்றிவிடலாமா? மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று அத்தியாயம் மெய்ப்புக்குப் போகிறது.

நன்றி.