எஸ்எம்எஸ் ஏபிஐ: கணக்குத் தொடங்கியவர்கள் முதல் மெசேஜுக்கு முன்பே விலகுகிறார்கள். டெவ்ரெல் (டெவலப்பர்களுக்கு உதவி உறவைப் பேணும் பணி) வேலையை எங்கே தொடங்குவது?

வெண்பலகை:
வணக்கம். இந்திய எண்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் ஏபிஐ (பிற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் இடைமுகம்) எங்களுடையது. டெவலப்பர்கள் கணக்குத் தொடங்குகிறார்கள். பெரும்பாலோர் ஒரு மெசேஜ்கூட அனுப்பாமல் போய்விடுகிறார்கள். டெவ்ரெல்லுக்கு ஒருவரை எடுத்து, கல்லூரிகளில் ஹாக்கத்தான் நடத்தலாம் என்பது மேலிடத்தின் யோசனை. அதற்கு முன் எதைச் சரிசெய்ய வேண்டும்?

நொய்யல்:
ஹாக்கத்தானைத் தள்ளிப்போடுங்கள். வருகிறவர்களே தங்காதபோது இன்னும் நூறு பேரைக் கூட்டி வந்து என்ன பயன்? முதலில் சர்வர் பதிவுகளிலிருந்து (லாக்) ஐந்து நேரங்களை எடுங்கள்: கணக்குத் தொடங்கியது, ஏபிஐ கீ (கணக்கை அடையாளம் காட்டும் ரகசியக் குறி) எடுத்தது, முதல் ரிக்வெஸ்ட் (தோற்றதும் சேர்த்து), முதல் வெற்றி, முதல் டெலிவரி ரிப்போர்ட். கீ எடுத்தும் ரிக்வெஸ்ட்டே வரவில்லை என்றால் டாக்ஸை (பயன்பாட்டு ஆவணங்களை)ப் பாருங்கள். 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை என்ற பிழை எண்) திரும்பத் திரும்ப விழுந்தால் ஆதென்டிகேஷன் பக்கம் புரியவில்லை. சராசரி வேண்டாம், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) எடுங்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பும் ஒருவரே சராசரியைக் குலைத்துவிடுவார்.

என் சந்தேகம் டிஎல்டி (வணிக எஸ்எம்எஸ் அனுப்புவோரைப் பதிவுசெய்யும் அமைப்பு) மேல்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2018 விதிமுறைக்குப் பிறகு நிறுவனம், ஹெடர் (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் (மெசேஜின் மாதிரி வாசகம்) மூன்றும் பதிவாகி ஒப்புதல் கிடைத்தால்தான் மெசேஜ் போகும். சும்மா முயன்று பார்க்க வந்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார். உங்கள் பெயரில் பதிவான ஒரு ஹெடர், ஒரு டெம்ப்ளேட் வைத்து டெஸ்ட் மோடு கொடுங்கள். ஓடிபியால் சரிபார்த்த அவருடைய சொந்த எண்ணுக்கு மட்டும், நாளுக்கு 10 மெசேஜ் போதும். வரம்பு வைக்காவிட்டால் ஸ்பாம் அனுப்புகிறவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள்.

தாழ்வாரம்:
டெஸ்ட் மோடைத் தாண்டியவர்கள் அடுத்து மாட்டிக்கொள்வது டெம்ப்ளேட் பொருந்தாமையில். ஏபிஐ 202 (ஏற்றுக்கொண்டேன் என்ற பதில்) தந்துவிடுகிறது. ஆபரேட்டர் ஒப்பிடும்போது நிறுத்தக்குறி ஒன்று மாறியிருந்தாலும் மெசேஜ் அங்கேயே நின்றுபோகலாம். டெவலப்பர் பார்வையில் எல்லாம் சரி. டெம்ப்ளேட் நகல் உங்களிடம்தானே இருக்கிறது, அனுப்பும் முன் நீங்களே ஒப்பிட்டு 422 (உள்ளடக்கம் சரியில்லை என்ற பிழை எண்) கொடுங்கள். பிழை விவரங்களுக்கான இணையத் தரமான ஆர்எஃப்சி 9457 வடிவம் இதற்குப் பொருத்தம். 'டீட்டெயில்' புலத்தில் "34ஆம் இடத்தில் பொருந்தவில்லை: டெம்ப்ளேட்டில் முற்றுப்புள்ளி, மெசேஜில் காற்புள்ளி" என்று எழுதுங்கள். 'டைப்' புலத்தில் அந்தப் பிழைக்கான டாக்ஸ் பக்கத்தின் முகவரி.

நீளக் கணக்கையும் விடாதீர்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்து. தமிழ் வந்தால் யுசிஎஸ்-2 என்கோடிங் (எழுத்துகளை எண்களாக்கும் முறை), அதாவது 70. பல துண்டானால் ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்துக்கு 153, தமிழுக்கு 67 என்று இன்னும் குறையும். 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து, யுசிஎஸ்-2இல் 7 இடம், யுடிஎஃப்-8 என்ற இன்னொரு என்கோடிங்கில் 21 பைட். பிஹெச்பி மொழியில் நீளம் அளக்கும் ஸ்டிர்லென் 21 என்றுதான் சொல்லும். ஆங்கில மெசேஜில்கூட வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறி ஒன்று இருந்தால் வரம்பு 70க்கு இறங்கிவிடும். ரெஸ்பான்ஸிலேயே என்கோடிங்கையும் துண்டு எண்ணிக்கையையும் காட்டுங்கள். பில் வந்தபின் தெரிந்துகொள்ளும்படி விடுவது தவறு.

வெண்பலகை:
இருவருக்கும் நன்றி. ஒரே மெசேஜ் இரண்டு முறை போவதாகவும் புகார் வருகிறது. எஸ்டிகே (ஏபிஐயை அழைக்க நாங்களே எழுதித் தரும் கோடு தொகுப்பு) கொடுத்தால் தீருமா? டெவ்ரெல் ஆளின் வேலையை எதை வைத்து அளப்பது?

கரைவழி:
எஸ்டிகே மட்டும் கொடுத்தால் மோசமாகவும் ஆகலாம். டைம்அவுட்டில் (பதில் வரத் தாமதமானால்) அது தானாக ரீட்ரை செய்யும். முதல் ரிக்வெஸ்ட் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் இரண்டாவது மெசேஜும் போகும். முதலில் சர்வரில் ஐடெம்பொட்டன்சி கீ (ஒரே ரிக்வெஸ்ட் மீண்டும் வந்தால் கண்டுபிடிக்க உதவும் அடையாளம்) வேண்டும். பேமென்ட் நிறுவனமான ஸ்ட்ரைப் அந்தக் கீயைக் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்கும். அதே கீயோடு வேறு பாராமீட்டர் வந்தால் பிழை தரும். அந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்ஸில் உள்ள மாதிரி கோடு முழுவதும் ஒவ்வொரு ரிலீஸுக்கும் சிஐயில் (தானியங்கிச் சோதனையில்) ஓடட்டும்.

அளப்பதற்கு: நிகழ்ச்சிக்கு வந்த தலைகளை எண்ணாதீர்கள். கீ எடுத்ததிலிருந்து முதல் டெலிவரி வரையான மீடியன் நேரம் ஒன்று; அவர் எழுப்பிய குறைகளில் அந்தக் காலாண்டில் சரியானவை எத்தனை என்பது இன்னொன்று. இரண்டாவது அவர் கையில் மட்டும் இல்லை. ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் (குறுகிய வேலைச் சுற்றிலும்) இன்ஜினியரிங் டீம் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும், டாக்ஸ் ரெப்போவில் (ஆவணக் களஞ்சியத்தில்) மாற்றங்களைச் சேர்க்க அவருக்கு மெர்ஜ் அனுமதி வேண்டும். இதற்குச் சம்மதம் வாங்காமல் ஆள் எடுத்தால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நொய்யல்:
ஒன்று விட்டுப்போனது. டெஸ்ட் மோடில் வேண்டுமென்றே தோற்கும் எண்களும் வையுங்கள். ஸ்ட்ரைப்பின் 4000 0000 0000 0002 டெஸ்ட் அட்டை எப்போதும் டிக்ளைன் ஆகும். அதே மாதிரி டெலிவரி ஆகாத எண் ஒன்று, டிஎன்டியில் (விளம்பர மெசேஜ் வேண்டாம் என்ற பட்டியலில்) உள்ள எண் ஒன்று, ரிப்போர்ட் பத்து நிமிடம் தாமதமாக வரும் எண் ஒன்று. இவை இல்லாமல் வெப்ஹூக் (டெலிவரி ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ளும்) கோடை யாரும் லைவுக்கு முன் சோதிக்க முடியாது.