கப்பல்களின் நேரடி ஏஐஎஸ் தரவில் உண்மையான பிறழ்வைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வி:
பின்லாந்து வளைகுடாவில் 2023 அக்டோபரில் பால்டிக்கனெக்டர் எரிவாயுக் குழாயும், 2024 டிசம்பர் 25 அன்று எஸ்ட்லிங்க் 2 கடலடி மின்வடமும் கப்பல் நங்கூரம் இழுபட்டுச் சேதமடைந்தன. ஒரு கப்பல் நங்கூரத்தைத் தரையில் இழுத்தபடி செல்வதை, ஏஐஎஸ் (கப்பல்கள் தம் இடத்தையும் வேகத்தையும் தாமாகவே வானொலியில் அறிவிக்கும் முறை) தரவிலிருந்தே உடனுக்குடன் அறிய ஒரு நிரல் எழுதி வருகிறேன். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் எச்சரிக்கை எழ வேண்டும் என்பதே விதி. ஆனால் எழுபவற்றில் பெரும்பாலானவை பொய். எங்கிருந்து திருத்துவது?

மறுமொழி 1:
விதியைத் தொடுமுன் தரவைப் பாருங்கள். அகலாங்கு 91, நெட்டாங்கு 181, வேகம் 102.3 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) ஆகியவை அளவுகள் அல்ல. தகவல் இல்லை என்பதைச் சொல்லும் குறியீடுகள். மேலும், கப்பல் வழக்கமாக அனுப்பும் இடச்செய்தியில் நாளும் மணியும் நிமிடமும் இருப்பதில்லை, வினாடி மட்டுமே இருக்கும். எனவே செய்தி உங்கள் கணினிக்கு வந்துசேர்ந்த நேரத்தையே நிரல் எடுத்துக்கொண்டால், செயற்கைக்கோள் வழியாகத் தாமதித்து வந்த ஒரு செய்தி, கப்பல் பின்வாங்கி மீண்டும் முன்னே பாய்ந்தது போன்ற தோற்றத்தைத் தரும். கப்பலின் செய்தியை முதலில் பெறும் கருவியான ஏற்பி பதிந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒன்பது இலக்க அடையாள எண்ணை இரு கப்பல்கள் பயன்படுத்துவதும் உண்டு. அவற்றைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்துவிட வேண்டும்.

மறுமொழி 2:
எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே வரம்பு வைப்பதுதான் அடிப்படைப் பிழை என்று கருதுகிறேன். இழுவலை வீசும் மீன்பிடிப் படகு மெதுவாகச் சென்று திரும்பித் திரும்பி வருவது இயல்பு. எண்ணெய்க் கப்பல் அப்படிச் செய்தால் இயல்பன்று. ஒவ்வொரு கப்பலையும் அதன் சற்று முந்தைய வேகத்தோடும், அதே தடத்தில் செல்லும் அதே வகைக் கப்பல்களோடும் ஒப்பிடுங்கள். எதிர்காற்றில் அனைத்தும் வேகம் குறையும். நங்கூரத்தை இழுப்பது மட்டும் தனித்துக் குறையும்.

அண்டைக் கப்பல்களைப் பார்ப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. 2017 ஜூனில் கருங்கடலில், நோவோரசீஸ்க் அருகே இருந்த பல கப்பல்களின் ஜிபிஎஸ் கருவிகள், அவை நிலத்திலுள்ள ஒரு விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. பல கப்பல்கள் ஒருசேரத் தாவினால் ஐயம் கப்பல்மீது அல்ல, ஜிபிஎஸ் சமிக்ஞைமீதே எழ வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வேகக் குறைவு எவ்வளவு நேரம் நீடித்தால் எச்சரிக்கலாம்?

மறுமொழி 2:
நிலையான நிமிடக் கணக்கு வேண்டாம். 8 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் கடந்துவிடும். வடம் இருபது கிலோமீட்டர் முன்னே இருந்தால் பொறுத்திருந்து உறுதி செய்யலாம். மூன்று கிலோமீட்டரே இருந்தால், பொய்யாகப் போகும் வாய்ப்பை ஏற்றுக்கொண்டாவது உடனே எச்சரிக்க வேண்டும்.