விடுதிப் புகாருக்கு மாணவர் குறைதீர்ப்புக் குழு பதிலே தரவில்லை, அடுத்து என்ன?

தென்மாவட்டத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் தங்கி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மேல்மாடியில் கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டில் மேலேயே விழுகிறது, உள்ளே இருக்கும் கம்பி தெரிகிறது. குடிநீர் ஆர்.ஓ. இயந்திரம் ஜூனில் நின்றது, இன்னும் ஓடவில்லை. ஆகஸ்டில் எங்கள் தளத்தில் பலருக்கு ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு. மஞ்சள் காமாலை வந்த ஒரு பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை என்னிடம் இல்லை, ஆனால் தொட்டியைக் கழுவி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பராமரிப்புக் கட்டணம் மட்டும் செமஸ்டர் தவறாமல் வாங்குகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு இப்படி விடுவது அநியாயம்.

வார்டனிடம் சொன்னோம். பதிவாளருக்குப் புகைப்படங்களோடு எல்லோரும் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம், "நிதி வரட்டும்" என்றார்கள். தமிழக அரசின் 'முதல்வரின் முகவரி' குறைதீர்ப்புப் பிரிவில் போட்ட மனு சுற்றி அதே பல்கலைக்கழகத்துக்கே வந்து, "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடிந்தது. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் பராமரிப்புச் செலவுக் கணக்கு கேட்டேன். 30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லாததால் முதல் மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிமுறைப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் அந்தக் குழுவிடம் புகார் கொடுத்தேன், ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. தீபாவளியும் போய்விட்டது. குழுவின் முடிவு கிடைத்த 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பெர்சனிடம் (மாணவர் மேல்முறையீடுகளை விசாரிக்கும் குறைகேள் அதிகாரி) மேல்முறையீடு செய்யலாம் என்கிறது விதி. இங்கே முடிவே வரவில்லை.

இந்த நிலையில், ஒப்புகைச் சீட்டை மட்டும் வைத்து ஆம்பட்ஸ்பெர்சனிடம் நேரடியாகப் போய், மனு ஏற்கப்பட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?